ஒரு இழுப்புக்கு ஒரு வேலை

புது பிரஸ் வேண்டாம் என்று கமிட்டியில் வாய் கிழியப் பேசியவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் வந்து, முகுந்தன் தனக்கு வசதியாகக் கதையைத் திரித்துவிட்டான் என்று சொல்லக் கூடாது பாருங்கள்.

கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையில், செம்பனைக் காட்டுக்குப் பின்னால் இருக்கிறது அந்தத் துப்பாக்கி சுடும் கிளப். பன்னிரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்தேன். உறுப்பினர்கள் சுட்டுப் போட்ட காலித் தோட்டாக்களைப் பொறுக்கி, கழுவி, மறுபடியும் வெடிமருந்தும் குண்டும் ஏற்றிக் கொடுப்பதுதான் வேலை. அதற்குப் போலீஸ் அனுமதி உண்டு, பதிவுப் புத்தகம் உண்டு, இரண்டு பூட்டுப் போட்ட அறை உண்டு. புதுத் தோட்டாவை விட இது மலிவு. பென்ஸ் காரில் வந்து இறங்குகிறவர்களுக்குத்தான் மலிவு என்றால் அத்தனை ஆசை.

அறையில் நாங்கள் இரண்டு பேர். நானும் வேலாயுதம் அண்ணனும். ஆளுக்கு ஒரு பிரஸ், தோட்டா ஏற்றும் கைமெஷின், மேசையில் போல்ட் போட்டு இறுக்கியது. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு வேலைதான் நடக்கும். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கிற கேப் இருக்கும்; பழைய கேப்பைத் தள்ளி எடுக்க ஐம்பது தோட்டாவுக்கு ஐம்பது இழுப்பு. புதுக் கேப் வைக்க இன்னொரு ஐம்பது. பிறகு ஐம்பதையும் குழி வெட்டிய மரத்தட்டில் நிற்க வைத்து மருந்து போட வேண்டும். போட்டு முடித்ததும் டார்ச் அடித்து, குனிந்து, ஐம்பது வாயையும் பார்க்க வேண்டும். மருந்து எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் குண்டு. குண்டு வைக்க மறுபடியும் ஐம்பது இழுப்பு. என் வலது தோள்பட்டை இன்றைக்கும் ஷாம்பு பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்க விடாது.

மருந்து போட்டவன்தான் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், பார்த்தவன்தான் பெட்டிக்குள் வைக்கும் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கிளப்பின் சட்டம் அது. காரணமில்லாமல் இல்லை. ஒரு தோட்டாவில் மருந்து இல்லாமல் போனால், சுடும்போது கேப் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் பாதி வழி தள்ளிவிட்டு நின்றுவிடும். சுடுகிறவர் அது தெரியாமல் அடுத்ததையும் சுட்டால் குழலே வெடிக்கும். விரல் போகலாம், கண் போகலாம்.

ஜனவரியில் செயலாளர் டாக்டர் லோகன் புது பிரஸ் பேச்சை எடுத்தார். அவர் பெட்டாலிங் ஜெயாவில் பல் டாக்டர். தாய்லாந்தில் ஒரு கிளப்பில் பார்த்துவிட்டு வந்தாராம். ஒரே இழுப்பில் எல்லா வேலையும் நடந்து, இழுப்புக்கு ஒரு முழுத் தோட்டா வெளியே விழுமாம். நாங்கள் இரண்டு பேரும் நாள் முழுக்கச் செய்வதை ஒரு ஆள் காலை டீக்கு முன்னால் முடித்துவிடலாமாம். மனுஷன் அந்த மெஷினைப் பற்றிப் பேசும்போது முகத்தில் கல்யாணக் களை.

ஒரு ஆள் போதும் என்றால் இன்னொரு ஆள் எங்கே போவது? அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது. எனக்கு நாற்பத்தொன்பது வயது, எங்கேயாவது போய்க் கைகால் ஆட்டிப் பிழைத்துக்கொள்வேன். வேலாயுதம் அண்ணனுக்கு அறுபதாகிவிட்டது. மனைவி இல்லை. மகன் ஜொகூரில் இருக்கிறான், பெருநாளுக்குக்கூடப் போன் செய்ய மாட்டான். அண்ணன் குடியிருந்ததே கிளப்புக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில்தான். வேலை போனால் அன்றைக்கே கூரையும் போகும்.

அவருக்கு நான் கடமைப்பட்டவன். பெட்டாலிங் ஜெயாவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது என்னை இங்கே கூட்டிவந்தவர் அவர். வாலிபத்தில் ஒரு அடிதடியில் என் பேர் போலீஸ் பதிவில் ஏறியிருந்தது. அப்படிப்பட்டவனை ஆயுத அறைக்குள் யார் விடுவார்கள்? இவன் நல்லவன், நான் பொறுப்பு என்று தன் அடையாள அட்டை எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் அப்பன்கூட எனக்காக அப்படி ஒரு கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

அதனால் கமிட்டியில் எழுந்து பேசினேன். பழைய பிரஸ்ஸில் ஒரு மனுஷனுடைய கண் படாமல் ஒரு தோட்டாகூட வெளியே போவதில்லை என்றேன். புது மெஷினில் எல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும், யாராவது கூப்பிட்டு ஒரு நிமிஷம் கை நின்றால் எதில் மருந்து விழுந்தது எதில் விழவில்லை என்று எவனுக்குத் தெரியும் என்று கேட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் எங்கள் தட்டில் ஒரு தப்பு வந்ததுண்டா என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு கேட்டேன். உறுப்பினர்கள் தலையை ஆட்டினார்கள். டாக்டர் முகம் சுண்டிப்போனது. மார்ச்சில் கிளப்புகளுக்கிடையிலான போட்டி முடியட்டும், பிறகு முடிவெடுக்கலாம் என்று தள்ளிவைத்தார்கள்.

கண், கண் என்று அத்தனை பேசினேனே, அந்தக் கண்ணைப் பற்றித்தான் நான் பேசாமல் விட்டது.

வேலாயுதம் அண்ணனுக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. அதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே பார்வை இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் தே தண்ணீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார். பிறகு, டார்ச் பேட்டரி சரியில்லை என்று மாற்றிக்கொண்டே இருந்தார். ஒரு நாள், தம்பி இந்தத் தட்டை நீ கொஞ்சம் பாரேன் என்றார். பார்த்தேன். மறுநாளும் கேட்டார், பார்த்தேன். அப்புறம் கேட்காமலே பார்க்க ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியில், விழித்திரையே கெட்டுவிட்டது, இருக்கிறதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று சொல்லிவிட்டார்களாம். அதை என்னிடம் சொல்லும்போது அவர் அழக்கூட இல்லை. டாக்டர் லோகனுக்குத் தெரிய வேண்டாம் என்றார், அவ்வளவுதான்.

மருந்து அவர் போடுவார், கண் என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது. சட்டப்படி தப்பு. ஆனால் தட்டு சரியாக இருந்ததா இல்லையா? இருந்தது. அதனால் எனக்குத் தப்பாகவே படவில்லை.

பிப்ரவரி கடைசியில் என் மனைவி புனிதாவின் அக்கா மகளுக்குச் சாலாக் செலாத்தானில் கல்யாணம். வெள்ளியும் சனியும் லீவு எடுத்தேன். போட்டிக்கு ஆயிரக்கணக்கில் தோட்டா வேண்டியிருந்த நேரம். அண்ணன் கவலையோடு நின்றார். சீட்டில் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாது, எழுதினால் எழுத்து எங்கேயோ போகும், கண் விஷயம் அம்பலமாகிவிடும். அதனால் வெற்றுச் சீட்டுகள் பத்தில் நான் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு அவர் இழுப்பறையில் வைத்தேன். தேதி ரப்பர் முத்திரைதான், அதை அவர் கைப்பழக்கத்தில் குத்திவிடுவார். நீங்கள் தட்டில் மருந்து மட்டும் போட்டு மூடி வையுங்கள், குண்டு வைக்காதீர்கள், திங்கட்கிழமை நான் வந்து பார்க்கிறேன், சீட்டு சும்மா, யாராவது வந்து கேட்டால் காட்டத்தான் என்று படித்துப் படித்துச் சொன்னேன். சரி என்றார்.

பிறகுதான் தெரிந்தது, மனுஷன் குண்டும் வைத்திருக்கிறார். சனிக்கிழமை டாக்டர் வந்து எத்தனை பெட்டி முடிந்தது என்று கேட்டிருக்கிறார். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. விரலால் தடவிப் பார்த்தும், காதோரம் ஆட்டிப் பார்த்தும் நாலு தட்டை முடித்துப் பெட்டியில் போட்டு, என் சீட்டை வைத்து மூடி, மற்றப் பெட்டிகளோடு அடுக்கிவிட்டார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை நான் போனபோது தட்டெல்லாம் காலியாக இருந்தது. மருந்து போடவில்லை என்றார், நம்பினேன்; சீட்டுகளை எண்ணிப் பார்க்கவில்லை.

போட்டியன்று மூன்றாவது வரிசையில் ஷாமினி நின்றாள். வங்கியில் வேலை பார்க்கிற பெண், எங்களை அங்கிள் அங்கிள் என்று கூப்பிட்டு முறுக்குப் பொட்டலம் கொண்டுவந்து கொடுப்பாள். நாலாவது தோட்டாவில் 'டுப்' என்று ஒரு சொத்தைச் சத்தம். அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியும். நான் கத்துவதற்குள் அவளே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். குழலின் நடுவில் குண்டு நின்றிருந்தது. இன்னொரு தடவை விரலை அழுத்தியிருந்தால் அந்தக் கை இருந்திருக்காது. நல்ல வேளை, அவள் காது கூர்மையான காது.

பெட்டியைப் பிரித்தார்கள். சீட்டில் என் கையெழுத்து, சனிக்கிழமை தேதி. லீவுப் புத்தகத்தில் அதே சனிக்கிழமை நான் லீவு.

அன்று சாயங்காலமே அலுவலகத்தில் விசாரணை. டாக்டர் லோகன், கமிட்டி ஆட்கள் இரண்டு பேர், நான், அண்ணன். லீவில் இருந்தவனுடைய கையெழுத்து எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வேலாயுதம் அண்ணன் பேசினார்.

"காலையில வந்தாரு சார். கல்யாணத்துக்குப் போறதுக்கு முன்ன. அவசர அவசரமா நாலு தட்டு போட்டுட்டுக் கெளம்பிட்டாரு."

தடுமாறவே இல்லை. பாடம் ஒப்பிக்கிறவர் மாதிரி சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரும்பி அவரை முறைத்தேன், என் வாழ்நாளில் யாரையும் அப்படி முறைத்ததில்லை. அவர் என் பக்கம்தான் முகத்தை வைத்திருந்தார். நான் முறைப்பது அவருக்குத் தெரியவில்லை. பார்வை அங்கே இல்லை.

டாக்டர் மேசையில் பேனாவைத் தட்டினார். "முகுந்தன், எனக்கு ஒரே பதில் போதும். இந்தத் தட்ட யார் போட்டது?"

சொல்லியிருக்கலாம். அண்ணன் போட்டது, அவருக்குக் கண் தெரியாது, எட்டு மாதமாகத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உடனே அடுத்த கேள்வி வரும்: எட்டு மாதமாகத் தெரிந்திருந்தும் நீ ஏன் வெற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டாய்? விஷயம் போலீசுக்குப் போகும். என் பழைய பதிவைத் தூசி தட்டுவார்கள். கிளப்பின் அனுமதியும் போகும், அண்ணனும் தெருவுக்கு வருவார். நான் பெரிய தியாகி இல்லை. பயம் பாதி, பழைய நன்றி பாதி. கூடவே, இந்த ஆளுக்காகவா இத்தனையும் செய்தோம் என்கிற ஆத்திரத்தில் நாக்கு மரத்துப்போனதும் உண்மை.

"நான்தான் சார்," என்றேன்.

அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டார்கள். உள்விவகாரமாக முடித்துக்கொள்வதே எனக்குச் செய்யும் பெரிய உதவி என்று டாக்டர் சொன்னார். கண் படாமல் ஒரு தோட்டாகூடப் போகாது என்றீர்களே, எங்கே போயிற்று உங்கள் கண் என்றும் கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த வாரமே புது பிரஸ்ஸுக்கு ஆர்டர் போட்டார்கள். அது வந்து சேரும் வரை தோட்டா ஏற்றும் வேலையை நிறுத்திவைத்தார்கள். ஓட்ட ஒரு ஆள். வேலாயுதம் அண்ணன் இருந்தார்.

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு அடுக்குமாடிக்குக் காவலாளியாகப் போனேன். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டு, உள்ளே வருகிற காருக்குக் கம்பியைத் தூக்கிவிடும் உத்தியோகம். கல்யாணத்துக்கு அன்று நான் லீவு எடுக்காமல் இருந்திருக்கலாம் என்று புனிதா ஒரே ஒரு முறை சொன்னாள், பிறகு அவளே அதற்காக அழுதாள்.

மே மாதம் அண்ணன் போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு, ஒரு உதவி தம்பி என்றார். புது மெஷினின் புத்தகத்தை டாக்டர் கொடுத்துப் படித்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாராம், அடுத்த வாரம் கேள்வி கேட்பாராம். நீ ஒரு தடவை வாசித்துக் காட்டினால் மனப்பாடம் பண்ணிவிடுவேன் என்றார். காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த புனிதா, "உங்களுக்கு அவரு மேல பாசமா, இல்ல பைத்தியமா?" என்றாள். நானும் அதைத்தான் யோசித்தேன். ஆனாலும் வரச் சொன்னேன். அந்த ஆள் என் முன்னால் உட்கார்ந்து என்ன பேசுகிறார் என்று பார்க்க வேண்டும்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் கதவருகில் போய் நின்று கையைப் பிடித்து இறக்கினேன். முன்பைவிட மோசம். படியின் விளிம்பைச் செருப்பால் தட்டித் தட்டிப் பார்த்து நடந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள கடையில் உட்காரவைத்தேன், வீட்டுக்குள் கூட்டிப்போக மனசு வரவில்லை. இரண்டு தே சொன்னேன், அவருக்குச் சீனி இல்லாமல்.

அவரே ஆரம்பித்தார். சமாதானம் சொல்வார், கையைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்திருந்தேன்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லலன்னா ரெண்டு பேரும் போயிருப்போம் தம்பி. உனக்கு வீடு இருக்கு, புனிதா இருக்கு. எனக்கு யாரு இருக்கா, நீயே சொல்லு."

கணக்குச் சரிதான், அதனால்தான் இன்னும் வயிறு எரிந்தது. என்னிடம் முதலிலேயே கேட்டிருந்தால் ஒருவேளை நானே சரி என்று சொல்லியிருப்பேன். கேட்காமல் எடுத்துக்கொண்டார். அதைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, சரி தம்பி சரி தம்பி என்றார். பிறகு பிளாஸ்டிக் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் தடவி என் பக்கம் தள்ளினார்.

மெஷின் ரொம்பச் சுலபம் என்றார். அதில் ஒரு மணி இருக்கிறதாம். மருந்து குறைந்தாலும் கூடினாலும் 'பீப்' என்று கத்துமாம். பார்க்கவே வேண்டாம், காது இருந்தால் போதும், எனக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது தம்பி என்று சிரித்தார். பல நாள் கழித்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இதே புத்தகத்தின் பிரதி ஒன்றை ஜனவரியில் டாக்டர் என் மேசையிலும் வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. யாரைக் காப்பாற்றுவதற்காக இந்த மெஷினை எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்தினேனோ, அவரைக் காப்பாற்ற இந்த மெஷினால்தான் முடியும் என்று அன்றைக்குத் தெரியாமல் போயிற்று. எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

வாசித்தேன். ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் சொல்லி, அவர் திரும்பச் சொல்லச் சொல்லத் திருத்தினேன். கைப்பிடி, சுழலும் தட்டு, மருந்துப் புட்டி, எண்ணெய் போடும் இடங்கள். இரண்டாவது தே ஆறியபோது மணியைப் பற்றிய பக்கம் வந்தது. நடுவில் கட்டம் கட்டித் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்குள் படித்துவிட்டு நிறுத்தினேன்.

"என்ன தம்பி?"

தமிழில் சொன்னேன். மணியை மட்டும் நம்பக் கூடாது. அது துணைக்குத்தான். அழுக்குச் சேர்ந்தால், பேட்டரி இறங்கினால் அது சத்தம் போடாது. குண்டு வைப்பதற்கு முன் ஒவ்வொரு தோட்டாவுக்குள்ளும் இயக்குபவர் தன் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

அண்ணன் கோப்பையைத் தடவித் தள்ளிவைத்தார்.

"அத விடு," என்றார். "அடுத்தத படி."

அந்த நேரத்தில் எனக்கு ஷாமினியின் கை ஞாபகம் வந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். வந்தது, உண்மைதான். ஆனால் பழிவாங்கும் ஆசையும் கூடவே வந்தது. எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை, பிரிக்கவும் நான் உட்காரவில்லை. எட்டு மாதம் நானும் 'அதை விடு' என்றுதான் பிழைப்பை ஓட்டினேன். இன்னொரு பக்கத்தைத் திருப்பினால் அதையேதான் மறுபடி செய்கிறேன்.

புத்தகத்தை மூடிவிட்டுப் போனை எடுத்து எண்ணைத் தேடினேன்.

"யாருக்குத் தம்பி போன் பண்ற?"

"டாக்டருக்கு. எல்லாத்தையும் சொல்லப் போறேன். என் கையெழுத்தையும் சேத்துத்தான்."

கத்துவார், கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். போன் ஒலிக்கும் சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். மேசையில் கையைத் துழாவிப் புத்தகத்தைக் கண்டுபிடித்து, பிளாஸ்டிக் பைக்குள் திணித்துக்கொண்டு, "ரூம்ல சாமான் கொஞ்சம் கெடக்கு," என்றார். "அத எடுக்கிறதுக்கு மட்டும் வந்துருடா."

அந்தப் பக்கம் டாக்டர் ஹலோ என்றார்.